மைலேஜ் 17.5-லிருந்து 12.8-க்கு இறங்கிடுச்சு, எங்கிருந்து தேடணும்? சேலம் – ஏற்காடு ஓட்டம்

கன்னங்குறிச்சி காத்து

வணக்கம். வண்டி 2015 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், மேனுவல் கியர் ஹேட்ச்பேக். 84,000 கி.மீ. ஓடியிருக்கு. டவுனும் பைபாஸும் கலந்து 17, 17.5 குடுத்துட்டு இருந்த வண்டி. இப்போ 12.8-ல நிக்குது.

இந்த வருஷம் வண்டியில நடந்ததை வரிசையா சொல்லிடறேன், எது சம்பந்தம்னு எனக்குத் தெரியலை. மே மாசம் ஒரு தடவை ஹீட் ஆச்சு. ரேடியேட்டரைக் கழட்டிச் சுத்தம் பண்ணி கூலண்ட் மாத்தினாங்க, அதுக்கப்புறம் ஹீட் பிரச்சனையே இல்லை. ஜூன்ல நாலு டயரும் மாத்தியாச்சு. பழசு 165/65 ஆர்14. கடையில "மலை ரோட்டுக்கு கொஞ்சம் உயரம் கிடைக்கும்"னு 175/70 ஆர்14 போட்டுக் குடுத்தாங்க. ஜூலையிலிருந்து வாரம் ரெண்டு தடவை ஏற்காடு, ராத்திரி மேலேயே தங்கல். ஆகஸ்ட்ல சர்வீஸ்: ஏர் ஃபில்டர், நாலு பிளக், இன்ஜின் ஆயில். பில்லுல ஆயில் 20 டபிள்யூ 50ன்னு இருக்கு.

செக் இன்ஜின் லைட் எரியலை. புகை இல்லை. இழுவை பரவாயில்லை. டெம்பரேச்சர் முள் இந்த வண்டியில கிடையாது, இன்ஜின் ஆறியிருந்தா எரியற நீல விளக்கு மட்டும்தான். ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரத்துல அணைஞ்சிடும்.

ஒர்க்‌ஷாப்ல இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், ஆக்சிஜன் சென்சார் புதுசுன்னு ஒரு பெரிய எஸ்டிமேட் நீட்டறாங்க. காசைப் போடறதுக்கு முன்னாடி நானே பார்க்கக்கூடியது என்னென்ன?

ஸ்பேனர் 14

எஸ்டிமேட்டை மடிச்சு டேஷ்போர்டுல வைங்க. இப்போதைக்கு அது வேண்டாம்.

மைலேஜுங்கறது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே கி.மீ., கீழே லிட்டர். ரெண்டுல எது பொய்ன்னாலும் விடை பொய். உங்க விஷயத்துல மேலே இருக்கற எண்ணே பொய்.

165/65 ஆர்14 டயரோட விட்டம் சுமார் 570 மி.மீ. 175/70 ஆர்14-க்கு சுமார் 600 மி.மீ. சக்கரம் ஒரு சுத்துக்கு 5 சதவீதம் கூடுதலா ஓடுது, ஆனா மீட்டர் எண்ணறது சுத்தைத்தான். அதனால நிஜத்துல 100 கி.மீ. ஓடினா மீட்டர்ல 95 தான் ஏறும். உங்க 12.8 உண்மையில 13.5. ஸ்பீடோமீட்டரும் அந்த அளவுக்குக் குறைச்சுக் காட்டும், அதையும் நினைவுல வைங்க. இது கணக்குப் பிழைதான். டயர் அகலமாகி எடை கூடினதுல கொஞ்சம் நிஜ இழப்பும் இருக்கு, அது வேற.

அடுத்தது லிட்டர். "ஆயிரம் ரூபாய்க்குப் போட்டேன், இவ்வளவு ஓடுச்சு" கணக்கு செல்லாது. டேங்கை ஃபுல் பண்ணுங்க, நாசில் முதல் தடவை 'டக்'னு தானா நின்னதும் நிறுத்திடுங்க. ரவுண்டாக்கறேன்னு மேல மேல ஊத்தக் கூடாது. ட்ரிப் மீட்டரை பூஜ்யம் பண்ணுங்க. 300 கி.மீ.யாவது ஓட்டுங்க. திரும்பவும் அதே பங்க், அதே பம்ப், வண்டி அதே பக்கமா நிக்கணும், அதே மாதிரி முதல் 'டக்'. டேங்கு நிறையற இடம் தடவைக்குத் தடவை அரை லிட்டர், ஒரு லிட்டர் மாறும். 8 லிட்டர் போட்டுக் கணக்குப் பார்த்தா அந்த ஒரு லிட்டரே 12 சதவீதப் பிழை. 25 லிட்டர்னா 4 சதவீதம். மூணு ஃபில்லிங் எடுத்து சராசரி பாருங்க.

பங்க் மேல சந்தேகம்னா 5 லிட்டர் அளவுப் பாத்திரத்துல அளந்து காட்டச் சொல்லுங்க. முத்திரை போட்ட பாத்திரம் ஒவ்வொரு பங்க்லயும் இருந்தாகணும், கேட்டா காட்டியாகணும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதி. அதாவது அரை சதவீதம். உங்க குறை கால்பங்குக்கு மேல. பங்க்லயே அவ்வளவு போகுதுன்னா ஊரே தெருவுல நின்னிருக்கும்.

ஆயில்: மேனுவல்ல 5 டபிள்யூ 30ன்னு போட்டிருந்தா 20 டபிள்யூ 50 அதுக்குக் கெட்டி. இன்ஜின் போயிடாது, ஆனா காலையில மலைமேல குளிர்ல ஸ்டார்ட் பண்ணி இறங்கற வண்டிக்கு நல்லதில்லை. ரெண்டு மூணு சதவீதம் அதுலயே போகும். இதுக்குன்னு இப்பவே வடிச்சுக் கொட்ட வேண்டாம், அடுத்த ஆயில் சேஞ்சுல மாத்துங்க.

இவ்வளவையும் கழிச்சாலும் 17.5 வராது. மீதிக்கு பிரேக்கைப் பாருங்க. ராத்திரி ஏற்காட்டுல நிறுத்தறப்போ ஹேண்ட் பிரேக்கை எத்தனை பல்லு இழுப்பீங்க? சரிவு, பனி, மழை, ராத்திரி முழுக்க இறுகி நின்ன கேபிள். காலையில லீவரை இறக்கினாலும் உள்ளே கேபிள் உறைக்குள்ள துருப்பிடிச்சுத் திரும்பாம நிக்கும். ஷூ டிரம்மை லேசா உரசிட்டே வரும். ஓட்டறவங்களுக்குத் தெரியவே தெரியாது.

சோதனை பண்ணும்போது ஒரு தப்பு எல்லாரும் பண்ணுவாங்க: ஏற்காடு இறங்கி அடிவாரத்துல நிறுத்தி வீலைத் தொட்டுப் பார்க்கறது. இருபது ஹேர்பின் இறங்கின வண்டியில நாலு வீலும்தான் கொதிக்கும், அதுல ஒண்ணும் தெரியாது. சமதளத்துல, ஓமலூர் ரோடு மாதிரி இடத்துல 15 கி.மீ. பிரேக்கை முடிஞ்ச அளவு தொடாம ஓட்டி, கடைசியில வேகத்தைத் தானா விட்டு மெதுவா நிறுத்தி, நாலு வீலையும் பாருங்க. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தா அதால டிரம்மையும் டிஸ்க்கையும் அளங்க. இல்லைன்னா கையைப் பக்கத்துல கொண்டுபோய் அனல் பாருங்க, தொடாதீங்க. இடமும் வலமும் ஒண்ணுபோல இருக்கணும். முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சூடா இருக்கறது சகஜம். ஒண்ணு மட்டும் தனியா நின்னா அதுதான் ஆளு.

நேத்து வந்தவன்

எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? எல்லாம் எத்தனால் பெட்ரோல் பண்ற வேலை. இ20 வந்ததிலிருந்து எல்லா வண்டியும் இப்படித்தான். ஒண்ணும் பண்ண முடியாது.

ஸ்கேனர் சித்தப்பு

எத்தனாலுக்கும் பங்கு உண்டு, ஆனா அதோட அளவு தெரிஞ்ச அளவு. ஒரு லிட்டர் எத்தனால்ல இருக்கற சக்தி பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு குறைவு. அதை 20 சதவீதம் கலந்தா, சுத்தப் பெட்ரோலோட ஒப்பிட்டு 6-7 சதவீதம் குறையும். நிதி ஆயோக் 2021 அறிக்கையிலயும் பழைய வடிவமைப்புக் கார்களுக்கு இதே 6-7 சதவீதம்தான் போட்டிருக்கு. இ10-லிருந்து இ20-க்கு மாறினதுல மட்டும்னா மூணு, மூணரை சதவீதம். 17.5-ல 7 சதவீதம்னே வெச்சுக்குங்க, அது 1.2 கி.மீ. தான். காத்து அண்ணனுக்குக் காணாம போனது 4.7. மீதியையும் எத்தனால் தலையில கட்டிட்டா கோளாறு வண்டியிலேயே குடியிருக்கும்.

காத்து அண்ணே, உங்க வண்டியில ஸ்டீயரிங் கீழே 16 பின் ஓபிடி சாக்கெட் (இன்ஜின் அளவுகளைப் படிக்கற கருவி மாட்டற இடம்) இருக்கும். ப்ளூடூத் அடாப்டர் ஒண்ணு மாட்டி போன்லயே பார்க்கலாம். லைட் எரியலைன்னு கவலையில்லாம இருக்காதீங்க. ஒரு அளவு எல்லையைத் தாண்டினாத்தான் லைட் எரியும், எல்லைக்கு உள்ளேயே எண்ணெயைக் குடிக்கற கோளாறு நிறைய இருக்கு. நாலு விஷயம் எழுதி அனுப்புங்க.

முதல்ல கூலண்ட் டெம்பரேச்சர். ஸ்டார்ட் பண்ணி 15 நிமிஷத்துல, பைபாஸ்ல 70-ல போகும்போது, ஏற்காடு ஏறும்போது, இறங்கி முடிச்சதும். நாலு இடத்துல தனித்தனியா. நீல விளக்கை நம்ப வேண்டாம். பல வண்டிகள்ல அது 50, 55 டிகிரியிலயே அணைஞ்சிடும். இன்ஜின் வேலை செய்ய வேண்டிய சூடு 82-க்கு மேல. நடுவுல இருக்கற இந்த 30 டிகிரி இருட்டுலதான் பெட்ரோல் தொலையும்.

ரெண்டாவது ஃப்யூயல் ட்ரிம், அதாவது கலவையைச் சரியா வைக்க ஈசியூங்கற இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குதுங்கற எண். ஷார்ட் (அப்போதைக்கு), லாங் (நாள்பட) ரெண்டும். ஐடில்லயும், சமதளத்துல 2,500 ஆர்பிஎம் நிலையா வெச்சும் பாருங்க. மலை ஏறும்போது எடுக்காதீங்க, ஆக்சிலேட்டரை அழுத்தினா ஈசியூ வேணும்னே கூடுதலா ஊத்தும். ப்ளஸ் மைனஸ் 5-க்குள்ள இருந்தா சுத்தம். 10-ஐத் தாண்டினா விசாரிக்கணும். மைனஸ்ல ஆழமா போனா பெட்ரோல் வேண்டாத வழியில வருதுன்னு அர்த்தம்: ஒழுகற இன்ஜெக்டர், மூடாத பர்ஜ் வால்வு (டேங்க் ஆவியை இன்ஜினுக்கு விடறது), கூடின ஃப்யூயல் பிரஷர். ப்ளஸ்ல போனா அளக்காத காத்து உள்ளே வருது, இல்லை இன்ஜெக்டர் அடைப்பு, பம்ப் சோர்வு. ட்ரிம் சுத்தமா இருந்து மைலேஜ் மட்டும் இல்லைன்னா இன்ஜெக்டர் கிளீனிங்குக்கு வேலையே இல்லை. இன்ஜின் கணக்கா ஊத்துது, வண்டியை யாரோ பின்னாடியிலிருந்து பிடிச்சு இழுக்கறாங்கன்னு அர்த்தம். இல்லைன்னா சூடு.

மூணாவது, ஆக்சிஜன் சென்சார் வோல்டேஜ். ரெண்டு சென்சார் இருந்தா இன்ஜின் பக்கத்துல இருக்கற முதலாவது. இன்ஜின் சூடான பிறகு 2,500 ஆர்பிஎம்ல 0.1-க்கும் 0.9-க்கும் நடுவுல விறுவிறுன்னு ஊசலாடணும். சோம்பேறித்தனமா மெல்ல ஏறி இறங்கினா சென்சார் கிழடு. ஏற்காடு இறக்கத்துல கால் எடுத்தா 0.1-லயே ஒட்டிட்டு நிக்கும். அது கோளாறு இல்லை, பெட்ரோல் கட் ஆகி வெறும் காத்துதான் போகுதுங்கறதுக்கு அடையாளம்.

நாலாவது மேப் சென்சார், இன்ஜினுக்குள்ள போற காத்தோட அழுத்தத்தை அளக்கறது. இதுக்கு உங்களுக்கு அடிச்சது அதிர்ஷ்டம், வீட்டு வாசல்லயே அளவுகோல் மலை உயரத்துக்கு நிக்குது. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஆன் பண்ணுங்க. சேலத்துல 98 கிலோபாஸ்கல் கிட்ட காட்டணும். அதே சோதனையை ஏற்காடு ஏரி பக்கம் பண்ணினா 84-லிருந்து 87-க்குள்ள இருக்கணும். ரெண்டும் சரின்னா சென்சார் சரி. மேலே போயும் 95 காட்டினா, அங்க இல்லாத காத்துக்கும் சேர்த்து பெட்ரோல் ஊத்திட்டு இருக்கு.

பத்தாவது வளைவு

ஏற்காடு ஓட்டத்தையும் கணக்குல சேருங்க. வாரம் ரெண்டு தடவை மலை ஏறி இறங்கிட்டு பழைய 17.5-ஐ எதிர்பார்த்தா அது வண்டி மேல அநியாயம்.

ஆளும் சாமானும் சேர்த்து வண்டி 1,100 கிலோன்னு வைங்க. சேலத்திலிருந்து ஏற்காடு ஏத்தம் சுமாரா 1,100 மீட்டர். 1,100 × 9.8 × 1,100 = ஏறத்தாழ 12 மெகாஜூல். இது வண்டியைச் சும்மா தூக்கி மேலே வைக்கறதுக்கு மட்டும். பெட்ரோல் லிட்டருக்கு 32 மெகாஜூல், இன்ஜின் அதுல கால்வாசியைத்தான் சக்கரத்துக்குக் குடுக்கும், அதாவது 8. ஆக ஒரு தடவை ஏற ஒன்றரை லிட்டர் கூடுதல். இதை எந்த மெக்கானிக்காலயும் குறைக்க முடியாது.

இறங்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். கியர்ல போட்டு ஆக்சிலேட்டர்லருந்து காலை எடுத்தா இன்ஜெக்டர் முழுசா மூடிக்கும், வண்டி இறங்கற வேகமே இன்ஜினைச் சுத்த வைக்கும், செலவு பூஜ்யம். ஆர்பிஎம் 1,200, 1,500 கிட்ட இறங்கினதும் திரும்ப ஊத்த ஆரம்பிக்கும். நியூட்ரல்ல விட்டா? இன்ஜின் தன்னைத்தானே சுத்திக்கணும், அதுக்கு மணிக்கு 0.6, 0.7 லிட்டர் குடிக்கும். மலை இறங்க முக்கால் மணி நேரம்னா அரை லிட்டர் போச்சு. நியூட்ரல்ல விட்டா மிச்சம்னு நினைக்கறவங்க இந்த ஊர்ல நிறைய பேர். பெட்ரோலும் போகும், ஆறாவது ஹேர்பின் கிட்ட பிரேக்கும் போகும். ரெண்டாவது கியர், வளைவுல தேவைன்னா முதல் கியர்.

போய்வர 60 கி.மீ.க்கு சமதளத்துல 3.4 லிட்டர். ஏத்தத்துக்கு ஒன்றரை கூட்டுங்க, இறக்கத்துல 0.9 கழிங்க. 4 லிட்டர். நல்ல வண்டியே அந்த 60 கி.மீ.க்கு லிட்டருக்கு 15 தான் குடுக்கும். வாரம் 120 கி.மீ. இப்படி ஓடினா மொத்த சராசரி 16-க்கு வர்றது நியாயம். அதுக்குக் கீழே போறதுதான் கோளாறு. தேட வேண்டியது 17.5-லிருந்து இல்லை, 16-லிருந்து.

ஏறும்போது ஒரு சோதனையும் ஓசியில கிடைக்குது. மூணாவது கியர்ல ஏத்தத்துல நல்லா அழுத்துங்க. ஆர்பிஎம் முள் ஏறி வண்டி வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. ஹேர்பின்ல ஹாஃப் கிளட்ச்லயே நிக்கற பழக்கம் இருந்தா 80,000-ல இது வரக்கூடியதுதான்.

டயர் காத்து பத்தியும் ஒண்ணு. சேலத்துல காலையில டயர் குளுந்திருக்கும்போது கதவு ஓரத்து ஸ்டிக்கர்ல போட்ட அளவுக்கு வைங்க. மலைமேல வெளிக்காத்து அழுத்தம் குறைவுங்கறதால கேஜ் ரெண்டு பிஎஸ்ஐ கூடக் காட்டப் பார்க்கும், குளிர் அதே அளவு குறைக்கப் பார்க்கும். ஏறி வந்த சூட்டுல அளந்தா இன்னும் கூடக் காட்டும். அதைப் பார்த்துட்டு மேலே நின்னு காத்தை இறக்கினா, கீழே வந்ததும் குறைஞ்ச டயரோடதான் ஓடுவீங்க.

நாகலூர் காபி

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். கார்புரேட்டர் பைக், 100 சிசி. மேலேயேதான் ஓட்டம், வாரத்துல ஒரு நாள் சேலம். பிளக் கருகருன்னு இருக்கு, மைலேஜ் 60-லிருந்து 48. இதே கணக்குதானா?

ஸ்பேனர் 14

இல்லைங்க, உங்களுது வேற கதை. கார்ல ஈசியூ காத்தழுத்தம் பார்த்து பெட்ரோலைக் குறைக்கும். கார்புரேட்டருக்கு மலை தெரியாது. காத்து மெலிஞ்சாலும் ஜெட் வழியா வர்றது அவ்வளவா குறையாது, கலவை 7, 8 சதவீதம் கெட்டியாகும். பிளக் கறுக்கறது அதனாலதான். ஆனா 60-லிருந்து 48 அதுக்கும் மேல, அதனால முதல்ல வேற மூணு இடம்: சோக் கேபிள் முழுசா திரும்புதா, சோக் தட்டு திறந்திருக்கா. ஏர் ஃபில்டர்ல எஸ்டேட் மண் ரோட்டுத் தூசி அடைஞ்சிருக்கா. மிதவை அளவு ஏறி, பெட்ரோல் ஓவர்ஃப்ளோ குழாய்ல கசியுதா. அப்புறம் பின் சக்கரம் கையால சுத்தினா சுலபமா சுத்துதா, செயின் தொய்வு நடுவுல 20-லிருந்து 30 மி.மீ.க்குள்ள இருக்கா.

இதெல்லாம் சரின்னா ஊசியில ஒண்ணுக்கு மேல காடி இருக்கான்னு பாருங்க. கிளிப்பை ஒரு காடி மேலே மாத்தினா ஊசி கீழே இறங்கும், கலவை மெலியும். சில கார்புரேட்டர்ல ஒரே காடிதான், அப்போ விட்டுடுங்க. ஐடில் ஸ்க்ரூவைத் திருப்பறதுக்கு முன்னாடி அது எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தா காத்து ஸ்க்ரூ, வெளியே திருப்பினா மெலியும். இன்ஜின் பக்கம் இருந்தா பெட்ரோல் ஸ்க்ரூ, உள்ளே திருப்பினாத்தான் மெலியும். கால் சுத்து கால் சுத்தா திருப்புங்க. மெயின் ஜெட்டைத் தொடாதீங்க. மேலே சின்ன ஜெட் போட்டுட்டு சேலத்துக்கு இறங்கி வெயில்ல 60-ல ஓட்டினா, கலவை ரொம்ப மெலிஞ்சு பிஸ்டன் காயும்.

கன்னங்குறிச்சி காத்து

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரம் எடுத்த அளவு இதோ.

கூலண்ட்: வீட்டுல 15 நிமிஷம் ஐடில்ல 71. ஓமலூர் ரோட்டுல 70 வேகத்துல 62-64. ஏற்காடு ஏறும்போது 84 வரை. இறங்கி அடிவாரத்துல பார்த்தா 51.

லாங் ட்ரிம் ஐடில்ல -0.8, 2,500-ல +1.6. ஷார்ட் ட்ரிம் பூஜ்யத்தை ஒட்டி ஆடுது. ஆக்சிஜன் சென்சார் நல்லா ஊசலாடுது. மேப் கீழே 98, ஏரிக்கரையில 86.

வீல் சூடு, சமதளத்துல ஓட்டி நிறுத்தினதும்: முன்னாடி இடது 58, வலது 60. பின்னாடி வலது 43, இடது 92.

கிளட்ச் வழுக்கலை. ஃபுல் டேங்க் முறையில மூணு தடவை சராசரி மீட்டர்படி 12.9.

ஸ்கேனர் சித்தப்பு

ட்ரிம், ஆக்சிஜன் சென்சார், மேப் மூணும் பாஸ். எஸ்டிமேட்டுல இருந்த மூணு வேலையும் தேவையில்லை.

கூலண்ட் எண்ணுதான் விஷயம். தெர்மோஸ்டாட்ங்கறது இன்ஜின் சூடாகற வரை கூலண்டை ரேடியேட்டருக்குப் போகவிடாம மூடி வைக்கற வால்வு. அது மூடியிருந்தா பைபாஸ்ல 62 வரவே வராது. ஓட ஓட எதிர்க்காத்துல ரேடியேட்டர் குளிர்ந்து, இன்ஜினும் கூடவே குளிருது. சும்மா நிக்கும்போது 71, ஓடும்போது 62. ஓடினா இறங்குதுன்னா வால்வு திறந்தே கிடக்குதுன்னு எழுதிக் குடுத்த மாதிரி. ஈசியூ பார்வையில வண்டி இன்னும் சூடாகாத வண்டி, அதனால வார்ம்-அப்புக்கான கூடுதல் பெட்ரோல் முழுசா நிக்காது. கெட்டி ஆயில் வேற சேர்ந்துக்கும்.

ஏற்காடு இறக்கத்துல இது இன்னும் மோசம். பத்தாவது வளைவு சொன்ன அந்த கட்-ஆஃப் இருக்கே, இன்ஜின் போதிய சூடு இல்லைன்னா பல ஈசியூக்கள் அதைப் பண்ணாது, இல்லை தள்ளிப்போடும். ஆக ஏறினதுக்குச் செலவு முழுசா, இறங்கினதுல வரவு இல்லை. பி0128ன்னு இதுக்கு ஒரு கோளாறுக் குறியீடு உண்டு, ஆனா எல்லா வண்டியிலயும் வராது.

உறுதிப்படுத்த: காலையில ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டர் மேல் குழாய்ல கை வைங்க, ஃபேன் பக்கம் விரல் போகாம. நல்ல தெர்மோஸ்டாட்னா குழாய் ரொம்ப நேரம் பச்சைத் தண்ணியா இருந்து, 82 டிகிரி தாண்டினதும் திடீர்னு சுடும். உங்களுது முதல் நிமிஷத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகும்.

ஸ்பேனர் 14

மே மாசம் ரேடியேட்டர் கழட்டினாங்கன்னு எழுதியிருந்தீங்க. தெர்மோஸ்டாட் கூட்டைத் திறக்கும்போது உள்ளே அது இருக்கான்னே பாருங்க. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு"ன்னு பிடுங்கிப் போடற பழக்கம் பல இடத்துல இருக்கு.

வேலை பெருசு இல்லை. இன்ஜின் நல்லா ஆறணும், சூட்டுல ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. கீழ் குழாயைக் கழட்டி கூலண்டைச் சுத்தமான தட்டுல பிடிங்க. கூட்டுல பெரும்பாலும் ரெண்டு போல்ட், 10 நம்பர் ஸ்பேனர். புது தெர்மோஸ்டாட்டை மாட்டறதுக்கு முன்னாடி பாத்திரத்துல தண்ணி வெச்சு, அடியில படாம நூல்ல தொங்கவிட்டு, சமையல் தெர்மாமீட்டரோட கொதிக்க வைங்க. மேலே பொறிச்சிருக்கற டிகிரியில, பெரும்பாலும் 82, வாயைத் திறக்க ஆரம்பிக்கணும், 95 கிட்ட நல்லா திறந்திருக்கணும், எடுத்து ஆறவிட்டா இறுக மூடணும். மாட்டும்போது ஆடற சின்ன ஊசி மேல் பக்கம், காத்து வெளியேற அதுதான் வழி. ஓ-ரிங் புதுசு போடுங்க, அது இருக்கற இடத்துல சிலிகான் பசை அப்ப வேண்டாம். அலுமினியக் கூடு, போல்ட்டை முரட்டுத்தனமா இறுக்கினா மரை போயிடும். கூலண்ட் மேனுவல்ல சொன்ன வகை. வெறும் குழாய்த் தண்ணி வேண்டவே வேண்டாம், நம்ம பக்கத்து உப்புத்தண்ணி உள்ளே வெள்ளையாப் படிஞ்சுதான் பாதி ரேடியேட்டர் அடைக்குது. மூடி திறந்தபடியே ஸ்டார்ட் பண்ணி ஹீட்டரை முழு சூட்டுல வைங்க, குமிழி நிக்கற வரைக்கும் ஊத்தி மூடியைப் போட்டு, ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கற வரை விடுங்க. மறுநாள் காலையில லெவல் பாருங்க.

இப்போ பின் இடது. முன் சக்கரத்துக்குக் கட்டை வெச்சு, ஹேண்ட் பிரேக் இறக்கி, நியூட்ரல்ல ஜாக்கி போடுங்க, ஸ்டாண்டும் வைங்க. கையால சுத்தினா லேசா உரசினாலும் ரெண்டு சுத்தாவது போகணும். போகலைன்னா ஹேண்ட் பிரேக் லீவர் அடியில இருக்கற நட்டைத் தளர்த்துங்க. வீல் விட்டுச்சுன்னா கேபிள். விடலைன்னா டிரம் பின்னாடி ப்ளீடர் நிப்பிளைக் கால் சுத்து திறங்க. ஒரு சொட்டு பீச்சி வீல் விட்டுச்சுன்னா அழுத்தம் திரும்பலை, ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதிப்போயிருக்கும். அதுக்கும் விடலைன்னா டிரம்மைத் திறக்கணும்: ஷூ அட்ஜஸ்டர், ரிட்டர்ன் ஸ்ப்ரிங், வீல் சிலிண்டர். இந்த வரிசையை மாத்தாதீங்க, மாத்தினா எது காரணம்னு தெரியாம எல்லாத்தையும் வாங்க வேண்டியிருக்கும். ப்ளீடரைத் திறந்தா மூடினதும் பிரேக் ஆயில் லெவல் பார்த்து, பெடல் கெட்டியா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் வண்டியை எடுக்கணும்.

கன்னங்குறிச்சி காத்து

அண்ணே, கூட்டைத் திறந்தோம். உள்ளே ஒண்ணுமே இல்லை, வெறும் கூடு. புதுசு வாங்கி, பாத்திரத்துல கொதிக்க வெச்சுப் பார்த்தே மாட்டியாச்சு. இப்போ பைபாஸ்ல 86-88, ஏற்காடு இறங்கி முடிச்சதும் 80. இறக்கத்துல சென்சார் வோல்டேஜ் ஒட்டிட்டு நிக்குது, சித்தப்பு சொன்ன மாதிரியே.

பின் இடது: லீவர் நட்டைத் தளர்த்தினதுமே வீல் விட்டுடுச்சு. இடது கேபிளைக் கழட்டினா உறைக்குள்ள துரு, கையால இழுத்தா வருது, திரும்பிப் போகலை. கேபிள் மாத்தியாச்சு. சூடு இப்போ இடது 44, வலது 43.

ரெண்டு ஃபுல் டேங்க் கணக்கு: மீட்டர்படி 15.2. டயர் திருத்தம் போட்டா 16. ஆயில் இன்னும் பழையதுதான். இந்த டயரை மாத்தணுமா, இப்படியே ஓட்டலாமா?

பத்தாவது வளைவு

தேயற வரைக்கும் ஓட்டுங்க. ஆனா முதல்ல ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, நாலு பேரை உட்கார வெச்சு, டயர் உள் விளிம்பு ஃபெண்டர் லைனிங்ல உரசுதான்னு பாருங்க. ஹேர்பின்லதான் அது தெரியும். உரசலைன்னா சரி. அதுவரை மைலேஜ் போடும்போது மீட்டர் கி.மீ.யை 1.053-ஆல பெருக்கிக்குங்க. வேகமும் அப்படித்தான், முள் 80-ல நின்னா வண்டி முன்னைவிட 4 கி.மீ. கூடப் போகுது, பைபாஸ்ல கேமரா இருக்கற இடத்துல கவனம்.

ஸ்பேனர் 14

புது கேபிள் 500 கி.மீ.ல கொஞ்சம் நீளும், அப்போ ஒரு தடவை லீவர் நட்டை சரிபண்ணுங்க. அஞ்சாறு பல்லுல பிடிக்கணும். ராத்திரி மேலே நிறுத்தும்போது ஏத்தம் பார்த்து நின்னா முதல் கியர், இறக்கம் பார்த்து நின்னா ரிவர்ஸ், சக்கரத்துக்கு ஒரு கல்லு. ஹேண்ட் பிரேக்கை முழு பலத்துல இழுத்துத் தொங்க வேண்டாம். காலையில எடுக்கும்போது கல்லை மறந்துடாதீங்க.